மேளக்காரர் மகன் சொல்கிறேன், கேளுங்கள்!



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தில் கேட்டார்கள். "எதை வேணும்னாலும் எழுது. படிக்கிறவனுக்கு ஏதாவது பிரயோஜனம் இருக்கணும்" என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். நான் கவிஞன் அல்ல. ஒரு இரும்புத் தண்டைக் கையில் கொடுத்தால் லேத்தில் மாட்டிக் கேட்ட அளவுக்குக் கடைந்து தருவேன். பேனாவைக் கொடுத்தால் கொஞ்சம் தடுமாறுவேன். ஆகவே சொற்குற்றம், பொருட்குற்றம் எது இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்ல வந்த விஷயம் மட்டும் உண்மையானது.

விஷயம் இதுதான்: மனசு சோர்ந்து கிடக்கும்போது, அரியர் பேப்பர் பயமுறுத்தும்போது, "நம்மால் என்ன ஆகப்போகிறது" என்று தோன்றும்போது, நீங்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய சில கலைஞர்களை உங்களுக்குச் சிபாரிசு செய்யப்போகிறேன். அவர்கள் யார் என்று சொல்வதற்கு முன் ஒரு சின்னக் கதை.

ஒரு டெல்டாவிலிருந்து இன்னொரு டெல்டாவுக்கு

விடுதியில் எனக்குப் பக்கத்து அறையில் இருக்கும் நண்பன் கித்தார் கற்றுக்கொள்கிறான். சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்ததும் அவன் அறையிலிருந்து டொய்ங் டொய்ங் என்று ஆரம்பமாகிவிடும். போன வருஷம் ஒரு நாள் ராத்திரி என்னைக் கூப்பிட்டு, "மாப்ள, இதைக் கேளு" என்று காதில் ஒயரை மாட்டிவிட்டான். ஒரே ஒரு கித்தார், ஒரு மனுஷக் குரல். பழைய இசைத்தட்டின் கரகரப்பு வேறு. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் யாரோ நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மனசில் இருப்பதைக் கொட்டுகிற மாதிரி இருந்தது.

"இதுக்குப் பேரு டெல்டா ப்ளூஸ்டா. மிசிசிப்பி டெல்டா. உங்க ஊரு மாதிரிதான், அவங்களும் டெல்டாக்காரங்க" என்றான்.

அமெரிக்காவின் தென்பகுதியில் மிசிசிப்பி ஆற்றுக்கும் யாஸூ ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் வண்டல் சமவெளிதான் அந்த டெல்டா. நமக்கு நெல், அவர்களுக்குப் பருத்தி. 1865-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் கறுப்பின மக்கள் வாரத்துக்கும் கடனுக்கும் கட்டுப்பட்டு அதே வயலில்தான் உழைத்தார்கள். அந்த வயலிலிருந்து வந்ததுதான் இந்தப் பாட்டு. ராபர்ட் ஜான்சன் என்பவர் 1936, 1937 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 29 பாடல்களைப் பதிவு செய்துவிட்டு, 1938-ல் தம் 27-ஆம் வயதில் இறந்துபோனார். மடி வாட்டர்ஸ் என்பவர் பருத்திப் பண்ணையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, 1941-ல் பண்ணைக்கே தேடிவந்து அவர் பாட்டைப் பதிவு செய்தார்கள். இரண்டு வருஷத்தில் அவர் சிகாகோவுக்கு ரயில் ஏறிவிட்டார். பி.பி. கிங் 1925-ல் பிறந்தவர். பருத்தி பறித்தவர், டிராக்டர் ஓட்டியவர். தம் கித்தாருக்கு லூசில் என்று பெயர் வைத்திருந்தார். 2015-ல் அவர் மறைந்தபோது உலகமே அஞ்சலி செலுத்தியது.

இத்தனையும் சொல்லிவிட்டு என் நண்பன் கேட்டான்: "சரி, உங்க டெல்டாவுல யாருடா இருக்கா?"

நான் சொன்ன பதில்: "எங்க ஊர்ல யாருடா இருக்கா? நெல்லும் சேறும்தான்."

தோழர்களே, அது பொய். அந்த நேரத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோயில் ஒன்றில் சுவாமி புறப்பாடு. அங்கே தோளில் தவிலை மாட்டிக்கொண்டு என் அப்பா வாசித்துக்கொண்டிருந்தார்.

ஏன் மறைத்தேன்?

என் அப்பா ஒரு செட்டில் இரண்டாவது தவில். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் முகூர்த்தம் கிடையாது. அப்போது வயல் வேலைக்குப் போவார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். டிப்ளமா சேரும்போது விண்ணப்பத்தில் "தந்தையின் தொழில்" என்ற இடத்தில் "விவசாயக் கூலி" என்று எழுதினேன். முழுப் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது ஒரு கல்யாணத்துக்கு அப்பாவோடு தாளம் போடப் போனேன். விடியற்காலை நாலு மணியிலிருந்து வாசிப்பு. முகூர்த்தம் முடிந்தது, முதல் பந்தி முடிந்தது, இரண்டாம் பந்தி முடிந்தது. பசி தாங்காமல் நான் போய் இலையில் உட்கார்ந்தேன். ஒருவர் வந்து, "மேளக்காரங்க அப்புறம் சாப்பிடலாம், எழுந்திரு தம்பி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். கடைசிப் பந்தியில் எங்களுக்குக் கிடைத்தது சோறும் ரசமும் ஒரு அப்பளமும். அப்பா ஒன்றும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு, கைவிரல் கூடுகளைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அன்றைக்கு முடிவு செய்தேன், இந்தத் தொழிலின் பக்கமே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று.

அந்த முடிவைத் தப்பு என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கோபத்தில் மேளத்தையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிட்டேன். அதுதான் தப்பு.

நரசிங்கம்பேட்டையில் கற்ற பாடம்

இரண்டாம் ஆண்டில் ஒர்க்‌ஷாப்பில் டேப்பர் டர்னிங் படித்தோம் அல்லவா? ஒரு தண்டை ஒரு முனையில் குறுகலாகவும் மறுமுனையில் பருமனாகவும் கடைவது. என் ஜாப் மூன்று தடவை கெட்டது. நாலாவது தடவைதான் ஆசிரியர் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவின் செட்டு நாயனக்காரர் புது நாயனம் வாங்க நரசிங்கம்பேட்டைக்குப் புறப்பட்டார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற வழியில், ஆடுதுறை பக்கம் இருக்கும் சின்ன ஊர். அங்கே செய்யும் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. (புத்தகத்தில் நாகஸ்வரம், பேச்சில் நாதஸ்வரம், எங்கள் வீட்டில் நாயனம். எல்லாம் ஒன்றுதான்.)

அங்கே பார்த்தேன் தோழர்களே! ஆச்சா மரம். அதுவும் புது மரம் அல்ல. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற உத்திரத்தையும் தூணையும் தேடி வாங்கிவந்து வைத்திருக்கிறார்கள். பல பத்து வருஷம் காய்ந்த மரம்தான் வெயிலுக்கும் மழைக்கும் முறுக்காது, நாதம் மாறாது என்றார்கள். அதைக் கடைசல் பிடித்து, உள்ளே மேலிருந்து கீழே விரிந்துகொண்டே போகிற மாதிரி துளை போடுகிறார்கள். நம் பாஷையில் சொன்னால் டேப்பர் போரிங்! மேலே வாசிக்க ஏழு துளை. கீழ்முனையில் அணசு. மேல்முனையில் கெண்டை, அதன் மேல் சீவாளி. துளை ஒரு இழை தப்பினாலும் ஸ்வரம் தப்பிவிடும். மறுபடி வெல்டிங் வைக்க முடியாது, மரம் போனது போனதுதான். மூன்று ஜாப் கெடுத்தவன் நான். தலை குனிந்து நின்றேன்.

அங்கேதான் ஒரு பழைய கதையும் கேட்டேன். முன்காலத்தில் திமிரி என்ற குட்டை நாயனம்தான் வழக்கம். சுருதி உயரம், வாசிக்க மூச்சு கிழியும். சில ஸ்வரங்கள், முக்கியமாகச் சுத்த மத்தியமம், சரியாகப் பேசாது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு அது திருப்தி இல்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி அவருக்காக நீளமான பாரி நாயனத்தைச் செய்து, துளைகளைத் திருத்தி, அந்த ஸ்வரத்தைப் பேச வைத்தார். வாசிக்கிறவர் குறை சொல்ல, செய்கிறவர் திருத்த, மறுபடி வாசித்துப் பார்க்க, மறுபடி திருத்த! இதைத்தானே நாம் டிசைன் என்று பாடமாகப் படிக்கிறோம்? இன்று நம் ஊர்களில் கேட்கும் நாயனம் அந்த இருவருடைய பிடிவாதத்தில் பிறந்தது.

யார் யாரைக் கேட்கலாம்?

ஊர் திரும்பியதும் அப்பாவிடம் போய், "யாரையெல்லாம் கேக்கணும்ப்பா?" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆரம்பித்தவர் அன்று ராத்திரி நிறுத்தவே இல்லை. அவர் சொன்னதையும், பிறகு நானே தேடிக் கேட்டதையும் சேர்த்து உங்களுக்குத் தருகிறேன். பெரும்பாலும் எல்லாமே இன்று கைபேசியில் காசில்லாமல் கிடைக்கிறது.

முதலில், தொடக்கக்காரர்களுக்குக் காருகுறிச்சி அருணாசலம். திருநெல்வேலிச் சீமைக்காரர், 1921-ல் பிறந்தவர். திருவாவடுதுறைக்கு வந்து ராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்றவர். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகி பாட, இவர் நாயனம் வாசித்த 'சிங்கார வேலனே தேவா' என்ற பாட்டைக் கேட்காதவர் தமிழ்நாட்டில் குறைவு. இந்தத் தடவை அதை வேறு மாதிரி கேளுங்கள். முருகன் பாட்டு என்று கேட்காமல், குரலும் குழலும் போடும் பந்தயமாகக் கேளுங்கள். அந்த அம்மையார் ஒரு ஸ்வரக் கோவை வீசுவார், இவர் அதே சூட்டோடு திருப்பித் தருவார். யார் குரல், எது குழல் என்று ஒரு கட்டத்தில் குழம்பிப்போகும். 1964-லேயே காருகுறிச்சியார் மறைந்துவிட்டார். ஆனால் அறுபது வருஷம் தாண்டியும் அந்தப் பாட்டில் அவர் மூச்சு இருக்கிறது.

இரண்டாவது, ராஜரத்தினம் பிள்ளையேதான். 1898-ல் திருமருகலில் பிறந்தவர், 1956-ல் மறைந்தவர். நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்று நாடே கொண்டாடியது. முதலில் வாய்ப்பாட்டு கற்றுத்தான் பிறகு நாயனத்துக்கு வந்தார். அவருடைய தோடி ராகத்தைக் கேளுங்கள். முதலில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள். அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த வழி இது: "தாளத்தைத் தேடாதே. ராகம் என்னன்னு யோசிக்காதே. அவர் எங்க மூச்சு எடுக்கிறார்னு மட்டும் கண்டுபிடி." நானும் கண்டுபிடிக்கப் பார்த்தேன். இன்னும் முடியவில்லை. கித்தாரில் தந்தியை விரலால் வளைத்து ஒரு ஸ்வரத்தை அழ வைப்பார்கள் அல்லவா? இங்கே தந்தியும் இல்லை, கட்டையும் இல்லை. விரலும் உதடும் மூச்சும் சேர்ந்து அதைச் செய்கின்றன. நாம் கமகம் என்கிறோம். என் ப்ளூஸ் நண்பன் இதைக் கேட்டுவிட்டு அரை நிமிஷம் பேசவில்லை.

இந்த மனிதரை நான் கேட்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் நாயனக்காரர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றபடியே வாசிக்க வேண்டும். பிள்ளை அவர்கள் கிராப்பு வைத்தார், கோட்டுப் போட்டார், பாட்டு வித்வான்களைப் போல மேடையில் உட்கார்ந்து வாசித்தார். 1940-ல் 'கவி காளமேகம்' படத்தில் கதாநாயகனாகவே நடித்தார். 1947 ஆகஸ்டு 14 அன்று, சுதந்திரம் பிறக்கிற இரவுக்கு முன்னால், திருவாவடுதுறை ஆதீனத்திலிருந்து டெல்லிக்குச் சென்றவர்களோடு போய் நாயனம் வாசித்தவரும் அவர்தான். "அப்புறம் சாப்பிடலாம்" என்று அவரிடம் யாராவது சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துச் சிரித்துக்கொள்வேன்!

மூன்றாவது, வீட்டை விட்டு விடுதியில் வந்து கிடக்கிற தோழர்களுக்காக ஷேக் சின்ன மௌலானா. 1924-ல் ஆந்திரத்தில் கரவதி என்ற ஊரில் பிறந்தவர். தாய்மொழி வேறு, மதம் வேறு, ஊர் வேறு. ஆனால் தஞ்சாவூர் பாணிதான் வேண்டும் என்று நம் கும்பகோணத்துப் பக்கத்து நாச்சியார்கோவிலுக்கு வந்து, ராஜம் - துரைக்கண்ணு சகோதரர்களிடம் கற்றுக்கொண்டார். குத்துவிளக்குக்குப் பேர்போன அந்த ஊர் அவருக்கு வித்தை கொடுத்தது. பிறகு ஸ்ரீரங்கத்திலேயே குடியேறி, 1998-ல் சங்கீத கலாநிதி விருது வரை உயர்ந்து, 1999-ல் மறைந்தார். மெஸ் சாப்பாடு சரியில்லை என்று மூட்டை கட்டத் தோன்றும் நாளில் இவரைக் கேளுங்கள்.

நான்காவது, தோழியர்களுக்காக. நம் வகுப்பில் அறுபது பேரில் நாலு பெண்கள். "மெக்கானிக்கல் எதுக்கும்மா உனக்கு?" என்ற கேள்வி உங்களுக்குச் சலித்துப் போயிருக்கும். நாயனத்திலும் அதே கேள்விதான். பெண்ணுக்கு அந்த மூச்சு ஏது என்பார்கள். மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் அந்தக் கேள்வியை அந்தக் காலத்திலேயே ஊதித் தள்ளினார். சின்ன மௌலானாவின் சீடர்களான காலீஷாபி மகபூப், ஷேக் மகபூப் சுபானி தம்பதிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இருவரும் சேர்ந்து வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, எது கணவர், எது மனைவி என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

ஐந்தாவது, என் வீட்டுச் சாமான். தவில்! நாயனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள்கூடத் தவிலை விட்டுவிடுகிறார்கள். பலாமரத்தைக் குடைந்து செய்வது. வலது பக்கம் வலந்தலை, இடது பக்கம் தொப்பி. வலது கை விரல்களில் துணியும் பசையும் சேர்த்து இறுக்கிய கூடுகள், இடது கையில் கழி. முன்பெல்லாம் தோல்வாரை இழுத்துக் கட்டிச் சுருதி சேர்ப்பார்கள். இப்போது இரும்பு வளையமும் போல்ட்டும் வந்துவிட்டன. போன பொங்கலுக்கு அப்பாவின் தவிலில் ஒரு போல்ட் மரை தேய்ந்துவிட்டது. அதே அளவில் ஒன்று நான் கடைந்து கொடுத்தேன். என் டிப்ளமாவின் முதல் வருமானம் அப்பா வாங்கித் தந்த ஒரு டீ.

தவிலில் நம் மாவட்டத்து ஊர்ப் பெயர்களே ஒரு பட்டியல் போடும்: நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வலங்கைமான் சண்முகசுந்தரம் பிள்ளை, ஹரித்துவாரமங்கலம் பழனிவேல். நாம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே தாண்டிப்போகிற ஊர்கள்தான் இவை! கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி. 1933-ல் பிறந்து 1975-லேயே மறைந்துவிட்டார். அதற்குள் இரு கரையையும் வியக்க வைத்தார். அவரைப் பற்றி அம்ஷன் குமார் ஓர் ஆவணப்படமே எடுத்திருக்கிறார். குன்னக்குடி வைத்தியநாதன் வயலினுக்கு வலையப்பட்டி சுப்பிரமணியம் வாசித்த தவிலையும் கேளுங்கள். தவில் கேட்கவும் அப்பா ஒரு வழி சொன்னார்: "வலது கை வேகத்துல மயங்கிடாதே. தொப்பியில விழுற அடியைக் கேளு. அதுதான் மொத்த வண்டியையும் இழுக்குது."

இத்தனையும் பொறுமை இல்லை என்பவர்கள் 1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தையாவது மறுபடி பாருங்கள். சிவாஜி நடித்தார். உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள். கதாநாயகன் பெயரிலேயே நம் சிக்கல் இருக்கிறது, கதாநாயகி பெயரில் திருவாரூர் இருக்கிறது!

ஒரு தோழன் கேட்ட கேள்வி

இந்தக் கட்டுரையை முதலில் ஒரு வகுப்புத் தோழனிடம் படித்துக் காட்டினேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான்: "உங்க மேளத்துக்காவது கோயில் வாசல் இருந்திச்சு. கல்யாணத்துல கடைசிப் பந்தியாவது இருந்திச்சு. எங்க பறைக்கு?"

என்னிடம் பதில் இல்லை. கடைசிப் பந்தியின் வலி தெரிந்த நான்கூட, பந்தலுக்கே வெளியில் நிறுத்தப்பட்டவனைப் பற்றி நினைக்கவில்லை. பறையைச் சாவுக்கு என்று மட்டும் ஒதுக்கி, அடித்தவர்களையும் சேர்த்து ஒதுக்கினோம். இன்று நிலைமை மாறத் தொடங்கியிருக்கிறது. மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ஊர் ஊராகப் போய் இளைஞர்களுக்குப் பறை சொல்லிக்கொடுத்தவர் அவர். ஆகவே ஆறாவதாக அவரையும் கேளுங்கள். மிசிசிப்பிக் கறுப்பர்களின் பாட்டுக்குக் கண்ணீர் விடுகிற நாம், நம் ஊர்க் கடைசித் தெருவின் பறைக்கும் காது கொடுப்பதுதானே நியாயம்?

நான் கேட்டுக்கொள்வது

கித்தாரைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ப்ளூஸ் கேட்டதால்தான் எனக்கு என் அப்பாவின் தவில் காதில் விழுந்தது. அதற்கு என் நண்பனுக்கு நன்றி. எல்லோரும் தவில் வாசிக்கப் போங்கள் என்றும் சொல்லவில்லை. அந்தத் தொழிலில் இருக்கும் கஷ்டம் எனக்குத் தெரியும். கல்யாணங்களில் இப்போது கேரளத்துச் செண்டை மேளமும் டிஜேயும் வந்துவிட்டன. நாயனம் தாலி கட்டுகிற கெட்டிமேளத்துக்கு மட்டும் என்று சுருங்கிக்கொண்டிருக்கிறது. செண்டைக்காரரும் உழைப்பாளிதான், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆசை இருப்பவர்கள் முறையாகக் கற்க மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன, திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. மற்றவர்கள் கேட்டாலே போதும்.

சங்கத்துக்கு என் கோரிக்கை ஒன்று உண்டு. போன வருஷக் கல்லூரி விழாவுக்கு ஸ்பீக்கர் செட்டுக்கு மட்டும் எவ்வளவு செலவழித்தோம் என்று கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் தெரியும். அடுத்த விழாவில் விருந்தினர் வரும்போது ஒரு மல்லாரி கேட்கட்டும். சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் அந்தக் கம்பீரம் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம் பிள்ளைகள் பட்டயம் வாங்க நடந்துவரும்போதும் பொருத்தமாகத்தான் இருக்கும். அதோடு பறையும் முழங்கட்டும். வாசிக்க வருகிறவர்களுக்கு மேடையில் இடம் கொடுப்போம். முதல் பந்தியில், நமக்குப் பக்கத்தில், இலை போடுவோம். பேசிய தொகையைப் பேரம் பேசாமல் கையில் கொடுப்போம். இந்தத் தீர்மானத்தை யாராவது முன்மொழிந்தால் நான் வழிமொழியத் தயார். யாரும் முன்மொழியாவிட்டால் நானே முன்மொழிகிறேன்.

கடைசியாக ஒன்று. விண்ணப்பத்தில் நான் எழுதியதைப் பற்றி அப்பாவிடம் இந்த வருஷம்தான் சொன்னேன். மனசு கஷ்டப்படுவார் என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். அவர் தவிலைத் துடைத்துக்கொண்டே, "ஃபாரத்துல எது எழுதுனா என்ன தம்பி, ஸ்காலர்ஷிப் வந்துச்சில்ல?" என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்றாம் ஆண்டு விண்ணப்பம் அடுத்த மாதம் தருவார்கள். அதே கேள்வி, அதே கோடிட்ட இடம் இருக்கும். இந்த முறை அங்கே "தவில் கலைஞர்" என்று எழுதப்போகிறேன். இடம் மிச்சம் இருந்தால் "விவசாயக் கூலி" என்பதையும் எழுதுவேன். இரண்டும் அவர்தான்.

உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு கலைஞர் இருக்கலாம். தாத்தா தெருக்கூத்து ஆடியிருக்கலாம், அம்மா நடவுப் பாட்டுக்கு முதல் குரல் கொடுத்திருக்கலாம். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது கைபேசியை எடுத்து, அவர்களைப் பதிவு செய்துகொண்டு வாருங்கள். விடுதியில் எல்லோரும் சேர்ந்து கேட்போம். கித்தார் நண்பன் இப்போதே தயாராக இருக்கிறான். "உங்க அப்பாவை எப்படா கூட்டிட்டு வர்றே?" என்று தினமும் என்னை அரித்துக்கொண்டிருக்கிறான்!



இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை